மணி அடித்தாயிற்று, செய்தி எங்கே தங்கிவிட்டது?

பண்டாரவளை, தியத்தலாவை, வெலிமடைப் பக்கத்து வீடுகளில் கமரா பொருத்திய அழைப்புமணி மெல்ல மெல்ல இடம்பிடித்து வருகிறது. அதை வாங்கி மாட்டிக்கொடுப்பவர் பல நேரம் அந்த வீட்டில் வசிப்பவர் அல்லர். மகன் கொழும்பில் வேலை பார்ப்பார், மகள் கட்டாரில் இருப்பார். வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும். வாசலில் யார் வந்தாலும் தன் கைபேசியில் உடனே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளைகள் அந்தப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். ஆனால் ஆள் வந்து, தட்டிப் பார்த்து, திரும்பிப் போன பிறகுதான் கைபேசி சத்தமிடுகிறது. சிலருக்கு அரை நிமிடம் தாமதம், சிலருக்குப் பத்து நிமிடம், சிலருக்குக் கால்மணி நேரம்.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மலைநாடு, பனிமூட்டம், டவர் தூரம் என்பார்கள். பிறகு டேட்டா பெக்கேஜை மாற்றுவார்கள், புது ரவுட்டர் வாங்குவார்கள், கடைக்காரரிடம் சண்டை பிடிப்பார்கள். இந்தத் தாமதத்துக்குப் பெரும்பாலும் தூரமும் காரணமில்லை, பனியும் காரணமில்லை. வாசலுக்கும் கைபேசிக்கும் நடுவே உள்ள சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி தூங்கிக்கொண்டிருக்கிறது. எது தூங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், ஒரு சதம் செலவில்லாமல் பல குறைகளைச் சரிசெய்யலாம்.

தூரத்தின் கணக்கு எளிது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். பண்டாரவளையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,600 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அங்குள்ள சேர்வருக்கு உங்கள் வாசல் செய்தி போய்ச்சேர ஒரு செக்கனில் நூறில் இரண்டு பங்குகூட வேண்டாம். சேர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், 14,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தாலும், வெறும் பயணத்துக்கு 0.07 செக்கன் போதும். கடலடிக் கேபிள் வளைந்து போகிறது, வழியில் பல சந்திகளில் நின்று மாறுகிறது, அதையெல்லாம் சேர்த்தாலும் கால் செக்கன், அரை செக்கன். பத்து நிமிடத் தாமதத்தைப் பூமியின் அகலம் உண்டாக்க முடியாது.

பனியின் கதை இதைவிடச் சுவையானது. சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கும் பண்டாரவளையில் மூட்டம் இறங்கினால் எதிர்வீடு மறைந்துவிடும், அதனால் சிக்னலும் மறையும் என்று நினைப்பது இயல்பு. மூட்டத்தில் உள்ள நீர்த்துளி ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒன்று, இரண்டு பங்கு அளவுதான். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 12.5 சென்ரிமீற்றர், துளியைவிட ஆறாயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. அத்தனை பெரிய அலை அந்தத் துளியைக் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும். 4ஜி அலைகளுக்கும் இதே நிலைதான். அடைமழையில் டிஷ் டிவி நின்றுபோவது உண்மை, ஆனால் அது 12 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. அதன் அலைநீளம் இரண்டரை சென்ரிமீற்றர்தான், மழைத்துளியின் பருமனோடு ஒப்பிடக்கூடிய அளவு. டிஷ் டிவியில் கண்டதை வைஃபைக்கும் பொருத்திப் பார்த்ததால் வந்த நம்பிக்கை இது.

ஆனால் அதே மூட்டம் கமராவின் கண்ணுக்கு எதிரி. இருட்டில் பார்க்க அழைப்புமணி வீசும் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் 850 நனோமீற்றர் அளவு, பனித்துளியைவிடப் பத்து மடங்குக்கு மேல் சிறியது. அந்த ஒளி துளிகளில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறி, கமராவுக்கே திரும்பி வருகிறது. திரையில் வெள்ளைத் திரைச்சீலை அசைவது போலத் தெரியும். படத்தில் அசைவைத் தேடும் கருவி அதை ஆள் நடமாட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம். லென்ஸ் முன்னால் சிலந்தி கட்டிய நூலும், மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலும் இதே வேலையைச் செய்யும். பேட்டரியைக் காப்பாற்ற, ஒருமுறை எச்சரித்த பிறகு சில கருவிகள் குறிப்பிட்ட நேரம் ஓய்வெடுக்கும். அரை நிமிடமோ, சில நிமிடங்களோ, அமைப்பில் வைத்தபடி. ஈசலுக்காக விழித்துவிட்டு ஓய்வெடுக்கும் அந்த இடைவெளியில் உண்மையான மனிதர் வந்து நின்றால் கருவி அவரைப் பார்க்காது. மூட்டம் செய்கிற கெடுதல் இதுதான். லென்ஸைத் துடைப்பதும், அசைவு உணர்திறனை ஒரு படி குறைப்பதும், ஓய்வு நேரத்தைச் சுருக்குவதும் இதற்கு மருந்து.

எதையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள். இதைச் செய்யாமல் ரவுட்டர் வாங்குவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். வாசலில் ஒருவரை நிறுத்தி, மணியை அழுத்திய நேரத்தைச் செக்கன் வரை குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அது முதலாவது நேரம். செயலியின் நிகழ்வுப் பட்டியலில் அந்த அழுத்தத்துக்கு எதிரே பதிவாகியுள்ள நேரம் இரண்டாவது. கைபேசியில் அறிவித்தல் வந்து விழுந்த நேரம் மூன்றாவது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பெரிய இடைவெளி என்றால் குறை வாசலில் அல்லது வீட்டு வைஃபையில். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் என்றால் குறை கைபேசியில், அல்லது சேர்வர் அனுப்பும் முறையில். அதே செயலியை இன்னொரு கைபேசியிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் உடனே வந்து மற்றதில் பிந்தினால், வாசலையும் ரவுட்டரையும் குற்றஞ்சாட்ட இனி எதுவுமில்லை.

குறை வாசலில் என்றால், முதலில் உணரியைப் பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும் அழைப்புமணி எந்நேரமும் படம் பிடிப்பதில்லை. ஒரு சிறிய வெப்ப உணரி மட்டும் விழித்திருக்கும். மனித உடல் வீசும் அகச்சிவப்புக் கதிரின் உச்சம் 9, 10 மைக்ரோமீற்றர் அளவில் இருக்கிறது. அந்த வெப்பம் உணரியின் பார்வையில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவும்போதுதான் அது 'யாரோ வருகிறார்' என்று முடிவெடுக்கும். குறுக்கே நடப்பவரை இது சட்டென்று பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரைப் பிடிக்கத் தடுமாறும், ஏனென்றால் அவர் பகுதி மாறுவதே இல்லை, மெல்லப் பெரிதாகிறார், அவ்வளவுதான். நம் மலைச்சரிவு வீடுகளில் வாசலுக்கு வரும் வழி பல இடங்களில் ஒரே நேரான படிக்கட்டு. கருவி படிக்கட்டைப் பார்த்தபடி நிற்கும். அதை ஆப்புக்கட்டை வைத்துச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால், ஏறிவருபவர் பார்வையைக் குறுக்கே கடப்பார், எச்சரிக்கை பல படிகள் முன்னதாகவே கிளம்பும். மழைக்குப் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு வருபவரையும் இந்த உணரி தவறவிடக்கூடும். ஈரமான விரிப்பின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றின் குளிர்ச்சிக்கு வந்துவிடும், உடம்பின் சூட்டை மறைத்துவிடும். அசைவை மட்டும் நம்பாமல் மணியை அழுத்தச் சொல்லும் சிறு எழுத்தொன்றை ஒட்டிவைப்பது நல்லது.

உணரி எழுப்பிய பின் கருவி வைஃபையோடு பேச வேண்டும். அலை பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் திரும்பத் திரும்ப அனுப்பும். பழைய தோட்டத்து பங்களாக்களில் இது பெரும் தொல்லை. ஹப்புத்தளையில் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களாவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்துக் கருங்கல் சுவரின் கனம் தெரியும். அத்தகைய ஒரு சுவர் வைஃபை அலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தகரக் கூரையும் தகரத் தடுப்பும் அதைவிட மோசம், உலோகம் அலையை அப்படியே திருப்பி அனுப்பும். செயலியில் கருவியின் சிக்னல் அளவு எண்ணாகக் காட்டப்பட்டால், அது மைனஸ் 60க்கு அருகே இருப்பது நன்று. மைனஸ் 70ஐத் தாண்டி மைனஸ் 80 பக்கம் போனால் ரவுட்டரை வாசலுக்கு அருகிலுள்ள ஜன்னலுக்கு நகர்த்துங்கள். சுவரைத் துளைப்பதில் 5 கிகாஹெர்ட்ஸ் பலவீனமானது, வாசல் கருவியை 2.4இலேயே வையுங்கள்.

இங்கே மின்சாரம் பற்றி ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுக் காணொளிகளில் பழைய மணியின் கம்பியிலேயே இதை இணைப்பதைப் பார்க்கலாம். அங்கே அந்தக் கம்பியில் ஓடுவது டிரான்ஸ்ஃபோர்மர் குறைத்துத் தந்த 16 முதல் 24 வோல்ட். நம் வீடுகளில் சாதாரண மணிக்கு 230 வோல்ட் நேராக வந்திருக்கக்கூடும். மின்வினைஞரைக் கூப்பிடாமல் அதில் கைவைக்காதீர்கள்.

படத்தோடு வரும் அறிவித்தலும் தாமதத்துக்கு ஒரு காரணம். 'வந்தது மனிதர்தானா' என்று சேர்வர் படத்தை ஆராய்ந்து, சிறு படமொன்றையும் ஒட்டி அனுப்ப வேண்டுமானால், முதலில் அந்தப் படம் இங்கிருந்து மேலேற வேண்டும். டேட்டா இறங்கும் வேகத்தைத்தான் விளம்பரங்கள் சொல்லும். ஏறும் வேகம் அதைவிடக் குறைவு, மலையிடுக்கில் உள்ள வீட்டில் மிகக் குறைவு. படமில்லாத வெறும் எழுத்து அறிவித்தலுக்கு மாற்றிப் பாருங்கள். சில செக்கன்கள் மிஞ்சும்.

இதுவரை சொன்னவை செக்கன் கணக்கிலான தாமதங்கள். நிமிடக் கணக்கில் பிந்துகிறதென்றால் சந்தேகம் கைபேசியின் மேல் விழ வேண்டும். இந்த விடயத்தில் கடைக்காரர்கள்கூடத் தெளிவாக இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கைபேசியில் உள்ள ஐம்பது செயலிகளும் தத்தம் சேர்வரோடு தனித்தனியாகத் தொடர்பில் இருந்தால் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் எல்லா அறிவித்தல்களும் ஒரே வாசல் வழியாக வருமாறு செய்திருக்கிறார்கள். ஆப்பிள் 2009இல் தன் வாசலைத் திறந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குக் கூகுள் ஒரு வாசலை நடத்துகிறது. உங்கள் அழைப்புமணி நிறுவனத்தின் சேர்வர் நேரே உங்களிடம் வருவதில்லை, கூகுளிடமோ ஆப்பிளிடமோ செய்தியை ஒப்படைக்கிறது. 2019க்குப் பிறகு கூகுள் சேவைகள் இல்லாமல் வந்த ஹுவாவே மாதிரிகளில் இந்த வாசலே கிடையாது. அவற்றில் அழைப்புமணி நிறுவனம் ஹுவாவேயின் சொந்த வாசலைப் பயன்படுத்தினால் ஒழிய, செய்தி ஒழுங்காக வராது.

2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6இல் கூகுள் ஓர் ஆழ்தூக்க முறையைச் சேர்த்தது. திரை அணைந்திருக்கிறது, சார்ஜரில் இல்லை, மேசைமேல் அசையாமல் கிடக்கிறது என்றால் கைபேசி செயலிகளின் இணையத்தை அடைத்துவிடும். இடையிடையே சில கணம் கதவைத் திறந்து, தேங்கியவற்றை ஒரேயடியாக உள்ளே விடும். நேரம் ஆக ஆக அந்த இடைவெளி நீளும். லயன் வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டத்து ஒப்பீஸில் சேர்ந்து கிடந்து, யாராவது எடுத்துவரும் நாளில் மொத்தமாகக் கையில் கிடைப்பதை மலையகத்தார் நன்கு அறிவார்கள். தூங்கும் கைபேசியில் சாதாரணச் செய்திகளுக்கு நடப்பதும் அதுவே. கொழும்பில் அலுவலக மேசையில் கிடக்கும் மகனின் கைபேசி இந்த நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் அச்சொட்டாகப் பொருந்துகிறது.

இந்தத் தூக்கத்தைக் கலைக்கும் வழியையும் கூகுள் வைத்திருக்கிறது. அனுப்புபவர் 'உயர் முன்னுரிமை' என்று குறித்தால் செய்தி கைபேசியைத் தட்டி எழுப்பும். வாசல் மணிக்கு அந்தக் குறி கட்டாயம் வேண்டும். அதைக் குறிக்க வேண்டியது கருவி நிறுவனம்தான், நாம் அல்ல. மலிவான சில கருவிகள் இதைச் சரியாகச் செய்வதில்லை. வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைபேசியின் திரையை அணைத்து அரைமணி நேரம் மேசையில் வைத்துவிட்டு, பிறகு மணியை அழுத்திப் பாருங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்யும் சோதனையில் எல்லாக் கருவியும் தேறிவிடும்.

கைபேசித் தயாரிப்பாளர்களோ கூகுளையும் மிஞ்சிச் சிக்கனம் பிடிக்கிறார்கள். ஷவோமி, ஒப்போ, விவோ, சாம்சங் போன்றவற்றில் நீங்கள் சில நாள் திறக்காத செயலியைத் தானாகவே முடக்கிவைக்கும் ஏற்பாடுகள் உண்டு. அழைப்புமணிச் செயலியை யாரும் தினமும் திறப்பதில்லை. ஆகவே முடக்கப்படும் முதல் வரிசையில் அதுவே நிற்கிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற பகுதியில் கட்டுப்பாடு வேண்டாம் என்று தெரிவுசெய்யுங்கள். 'தானாகத் தொடங்குதல்' என்ற பொத்தான் இருந்தால் அனுமதியுங்கள். 'ஆழ்தூக்கச் செயலிகள்' பட்டியலில் அதன் பெயர் இருந்தால் நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவித்தல் அனுப்பவே ஒவ்வொரு செயலியும் உங்கள் அனுமதியைக் கேட்க வேண்டும். நிறுவிய அன்று அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால் எதுவுமே வராது. ஐபோனில் 2021 முதல், அறிவித்தல்களைச் சேர்த்துவைத்துக் குறித்த நேரத்தில் தொகுப்பாகத் தரும் வசதி இருக்கிறது. அழைப்புமணி அந்தத் தொகுப்புக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் வெளியே எடுங்கள், 'நேரம் முக்கியம்' என்ற வகைக்கு அனுமதி கொடுங்கள்.

அமைப்புகள் எல்லாம் சரி, இருந்தும் தாமதம் என்றால் கடைசிச் சந்தேகம் செத்துப்போன இணைப்பு. கைபேசிக்கும் கூகுள் வாசலுக்கும் இடையே எப்போதும் ஓர் இணைப்பு திறந்திருக்கும். நடுவிலுள்ள ரவுட்டரோ, கைபேசி நிறுவனத்தின் கருவியோ, நெடுநேரம் பேச்சில்லாத இணைப்பைத் தன் நினைவிலிருந்து அழித்துவிடும். அழித்ததை இரு முனைகளுக்கும் சொல்லாது. சேர்வர் அனுப்புவது பள்ளத்தில் விழும், கைபேசியோ இணைப்பு உயிரோடிருப்பதாக நம்பிக் காத்திருக்கும். அடுத்த உயிர்த்துடிப்பை அனுப்பிப் பதில் வராதபோதுதான் விழித்துக்கொண்டு புதிதாக இணையும். அந்தத் துடிப்புகளின் இடைவெளி பல நிமிடங்கள், சிலவேளை அரைமணி நேரம் வரைகூட. இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. விமானப் பயன்முறையைப் போட்டு உடனே எடுங்கள். தேங்கிய அறிவித்தல்கள் மடமடவென்று கொட்டினால் இணைப்பு செத்திருந்தது என்று பொருள். வைஃபையில் மட்டும் இப்படி நடந்தால் ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்கலாம். அப்போதும் தீராவிட்டால், புது ரவுட்டர் வாங்குவதில் நியாயம் உண்டு.

மின்வெட்டையும் மறக்கக் கூடாது. 2022இல் நாள் ஒன்றுக்கு 13 மணிநேரம் வரை இருளில் இருந்த நாடு இது. அழைப்புமணியில் பேட்டரி இருந்தும் ரவுட்டரில் இல்லையென்றால் பயனில்லை. ஃபைபர் இணைப்பாக இருந்தால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்துக் கரண்ட் வேண்டும். 12 வோல்ட் தரும் சிறிய யூபிஎஸ் ஒன்று இரண்டையும் சில மணிநேரம் தாங்கும்.

வாசல் மணிக்காக இவ்வளவு எழுதியதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்த ஊர்கள் உள்ள ஊவா மாகாணத்தில் பிந்தக் கூடாத எச்சரிக்கை வேறொன்று இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. செய்தி பிறந்துவிட்டது, ஆனால் இடம்பெயர ஒரு புது வீடும் காணியும் அதோடு போய்ச்சேரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளால் நொறுங்கியது. பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அறுந்தன.

மண்சரிவு எச்சரிக்கையை ஒரு செயலி வழியாக மட்டும் அனுப்பினால், இதுவரை சொன்ன தூக்கமெல்லாம் அதற்கும் உண்டு. இராத்திரி ஒரு மணிக்கு, சார்ஜில் இல்லாமல், அசையாமல் கிடக்கும் கைபேசியில்தான் அது வந்து விழ வேண்டும். குறுஞ்செய்தியும் ஒவ்வொரு எண்ணாக வரிசையில் நின்று போவதால் இலட்சக்கணக்கானோருக்கு அனுப்பும்போது தேங்கும். செல் ஒலிபரப்பு முறை இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. டவர் ஒரே தடவை அறிவிக்கும், அதன் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைபேசிகளும் வானொலி கேட்பதுபோல ஒருங்கே கேட்கும். எண் தேவையில்லை, டேட்டா தேவையில்லை, கூகுள் தேவையில்லை, ஆழ்தூக்கமும் தடுக்காது. ஓரிரு தோட்டங்களை மட்டும் குறிவைத்தும் அனுப்பலாம், தமிழிலும் அனுப்பலாம். 2009இலேயே டயலொக் நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்காக உருவாக்கிய எச்சரிக்கை வலையமைப்பில் இந்த நுட்பம் இடம்பெற்றிருந்தது. இந்தியா 2023இல் மாநிலம் மாநிலமாக இதைச் சோதித்தது. ஆகவே நுட்பம் புதிதல்ல. மலையகத்தின் ஒவ்வொரு டவரிலிருந்தும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே கணத்தில் இது ஒலிக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அந்த டவர்களின் பேட்டரி புயல் நாட்களைத் தாங்க வேண்டும் என்று கேட்பதும் உரிமை.

அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கைபேசியின் செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கைகள் என்ற பகுதியைத் திறந்து, எல்லாம் இயங்கும்படி வையுங்கள், அம்மா அப்பாவின் கைபேசியிலும் வையுங்கள். சரிவான நிலத்தில் வீடு இருந்தால், வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வைத்து, தேங்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளவிடுங்கள். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணிநேரத்தில் 75 பெய்தாலோ வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் எல்லைகள் இவை. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று இவற்றைக் கண்டால் எந்த அளவுக்கும் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117, இரவும் பகலும் இயங்குகிறது.